"என் நகர்வும் வெல்கிறதே, ஏன் தவறு என்கிறது?" ஆன்லைன் செஸ் புதிர்களுக்கு நாம் போடும் ஓட்டு எங்கே போகிறது?

கேள்வி: ஆன்லைன் செஸ் புதிரைப் போட்டு முடித்ததும் பிடித்ததா, பிடிக்கவில்லையா என்று ஓட்டுக் கேட்கிறார்கள். அதனால் எதுவும் மாறுகிறதா? பல சமயம் நான் வைத்த நகர்வும் வெல்கிறது, ஆனாலும் தவறு என்று ரேட்டிங்கைக் குறைத்துவிடுகிறது. எங்கள் அகாடமியில் முப்பது மாணவர்களுக்கு நாங்களே புதிர் தொகுத்துப் போடுகிறோம். அவர்களிடம் கருத்து வாங்கிப் புதிர்களை எப்படித் திருத்துவது?

பதில்:

மாறுகிறது. ஆனால் ஓட்டுக்காக நீங்கள் அழுத்தும் கட்டைவிரல் பொத்தான் மாற்றுவதைவிட, பலகையில் நீங்கள் வைக்கும் முதல் நகர்வு மாற்றுவது அதிகம். அதை முதலில் சொல்லிவிட்டு உங்கள் ரேட்டிங் மனக்குறைக்கு வருகிறேன். அகாடமி கடைசியில்.

எல்லாத் தளங்களும் உள்ளே நடப்பதை வெளியே சொல்வதில்லை. லிசெஸ் சொல்கிறது. 2010-இல் திபோ டுப்ளெஸி என்ற பிரெஞ்சு நிரலாளர் தொடங்கிய தளம், இலாப நோக்கம் கிடையாது, நிரல் முழுவதும் திறந்த மூலம். புதிர்த் தொகுப்பையும் யார் வேண்டுமானாலும் இறக்கி, எந்த உரிமைச் சிக்கலும் இல்லாமல் பயன்படுத்தலாம். அதனால் உதாரணத்துக்கு அதையே எடுத்துக்கொள்கிறேன்.

2020 டிசம்பரில் லிசெஸ் பழைய புதிர்களை ஓரங்கட்டிவிட்டு முற்றிலும் புதிய தொகுப்பைக் கொண்டுவந்தது. அந்தப் புதிர்களை யாரும் உட்கார்ந்து இயற்றவில்லை. தளத்தில் சாதாரண மக்கள் ஆடிய, கணினி ஏற்கெனவே அலசி வைத்திருந்த ஆட்டங்கள் கோடிக்கணக்கில் கிடந்தன. இன்றுவரை 30 கோடிக்குக் குறையாத ஆட்டங்களைச் சலித்திருக்கிறார்கள். யாராவது சறுக்கிய இடம் வந்தால் அந்த நிலையை ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சினிடம் (செஸ் நிலைகளை அலசும் நிரல்) மறுபடி கொடுத்து, 4 கோடி நிலைகள் வரை தேடவிட்டு, தேறியதை மட்டும் புதிராக்கினார்கள். முதலில் ஸ்டாக்ஃபிஷ் 12, பிறகு அதற்கடுத்து வந்த பதிப்புகள். இந்த வேலைக்குச் செலவான செயலி நேரத்தைக் கூட்டினால் 50 ஆண்டுகளுக்கு மேல் வரும். இப்போது தொகுப்பில் 50 லட்சத்துக்கு மேல் புதிர்கள் இருக்கின்றன.

50 லட்சம் புதிரை எந்த ஆசிரியர் குழு பார்த்துத் திருத்தும்? யாராலும் முடியாது. அதனால் தீர்க்க வருகிறவர்களே ஆசிரியர் குழுவாகிறார்கள், பாதிப் பேருக்கு அது தெரியாமலே.

நீங்கள் ஒரு புதிரைத் தொட்டதும் அது உங்களுக்கும் புதிருக்கும் நடக்கும் ஒரு ரேட்டட் ஆட்டமாக, அதாவது பலத்தைக் காட்டும் ரேட்டிங் எண்ணை ஏற்றி இறக்கும் ஆட்டமாகப் பதிவாகிறது. அமெரிக்கப் புள்ளியியலாளர் மார்க் கிளிக்மன் உருவாக்கிய கிளிக்கோ முறையின் இரண்டாம் வடிவம்தான் கணக்குப் போடுகிறது. நீங்கள் தீர்த்தால் புதிர் தோற்றது, அதன் ரேட்டிங் இறங்கும். நீங்கள் தவறினால் புதிர் ஜெயித்தது, ஏறும். ரேட்டிங்கோடு இன்னொரு எண்ணும் இருக்கிறது: அந்த ரேட்டிங்கை எவ்வளவு நம்பலாம் என்பதைக் காட்டும் விலகல். புதிதாக வந்த புதிருக்கு விலகல் மிகப் பெரியது, ஆகவே முதலில் தீர்ப்பவர்கள் அதன் ரேட்டிங்கைத் தூக்கித் தூக்கிப் போடுவார்கள். ஆள் ஏற ஏற அது ஓரிடத்தில் உட்காரும். "இந்தப் புதிருக்கு 2200 அநியாயம், 1600 கூடத் தேறாது" என்று எழுதப்படும் புகார்கள்தான் எண்ணிக்கையில் அதிகம், பயனில் கடைசி. நீங்கள் எழுதாமலே உங்கள் வெற்றி தோல்வி அதைச் சொல்லியாகிவிட்டது.

இந்தக் கணக்கில் அழுக்கும் சேரும். சிப்பாய் கடைசிக் கட்டத்தை எட்டினால் தானாக ராணியாகிவிடும்படி சிலர் செட்டிங் போட்டு வைத்திருப்பார்கள். குதிரையாகவோ யானையாகவோ மாற்றினால் மட்டுமே வெல்லும் புதிரில் அவர் சரியாக யோசித்திருந்தாலும் தோற்பார். புதிர் கடினமானது என்று கணக்கு எழுதிக்கொள்ளும். உண்மையில் அது அளந்தது அவருடைய செட்டிங்கை. போனில் விரல் பக்கத்துக் கட்டத்தில் பட்டு விழும் நகர்வுகளும் இப்படித்தான். இன்னொன்று, தீம் (புதிரின் வகை) தேர்ந்தெடுத்துத் தீர்ப்பது. "ஒரே நகர்வில் மேட்" என்று முன்கூட்டியே தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அந்த வெற்றியையும் எதுவும் தெரியாமல் பெற்ற வெற்றியையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. லிசெஸ் இதைக் கவனித்து, துப்புக் கொடுக்கும் தீம்களில் ரேட்டிங் மாற்றத்தைக் குறைத்து வைத்திருக்கிறது. தீமில் போடும்போது புள்ளி ஏறவே மாட்டேன் என்கிறது என்று குறைபடுகிறவர்களுக்கு இதுதான் காரணம்.

இப்போது கட்டைவிரல். ஒரு புதிரின் செல்வாக்கை −100-இலிருந்து 100 வரையான எண்ணாக வைக்கிறார்கள். ஆதரவு ஓட்டிலிருந்து எதிர் ஓட்டைக் கழித்து, மொத்த ஓட்டால் வகுத்து, நூறால் பெருக்கினால் வருவது. 90 ஆதரவு, 10 எதிர்ப்பு என்றால் 80. ஆனால் எல்லா ஓட்டும் சம எடை அல்ல. ஓட்டுப் போட்டவர் தீர்த்தாரா தவறினாரா, அவர் ரேட்டிங் புதிரின் ரேட்டிங்குக்கு மேலா கீழா என்பதையெல்லாம் பார்த்து எடை மாறும். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. தோற்ற அடுத்த நொடியில் யாருடைய விரலும் மேலே போகாது. அந்தக் கோபத்தை அப்படியே எண்ணிக்கொண்டால், கடினமான நல்ல புதிர்கள் எல்லாம் அடிமட்டத்தில் கிடக்கும்.

எடை போட்ட பிறகும் ஓட்டுக்கு ஒரு குணம் மிச்சமிருக்கிறது, அதைச் சரிசெய்ய வழியில்லை. மக்களுக்கு ராணிப் பலி பிடிக்கும். மூச்சடைத்த மேட் பிடிக்கும். ஒரு சிப்பாய் குறைவாக வைத்துக்கொண்டு யானை முடிவாட்டத்தில் டிராவுக்காகத் தொங்கும் புதிர் யாருக்கும் பிடிக்காது. தீர்த்தாலும் "அப்பாடா" என்று அடுத்ததற்குப் போய்விடுவார்கள், ஓட்டுப் போட மாட்டார்கள். ஆனால் போட்டியில் அரைப் புள்ளியைக் காப்பாற்றிக் கொடுப்பது இரண்டாவது வகைதான். ஓட்டை மட்டும் நம்பி ஒரு தொகுப்பு நடத்தினால் சில வருடங்களில் அது வாணவேடிக்கைக் கடையாகிவிடும். ஓட்டு ஒரு புதிர் இனிக்கிறதா என்று சொல்லும். சரியா என்றோ, எதையாவது கற்றுக்கொடுக்கிறதா என்றோ சொல்லாது. கெட்ட புதிரைக் கீழே தள்ள அது நல்ல கருவி, அவ்வளவுதான்.

தீம் டேக்குகளுக்கான ஓட்டு வேறு மாதிரி, அதை நான் அதிகம் மதிக்கிறேன். ஃபோர்க் (ஒரே காய் இரண்டைத் தாக்குவது), பின் (பின்னால் பெரிய காய் நிற்பதால் ஒரு காயை நகரவிடாமல் கட்டிப்போடுவது), திசைதிருப்பல், அமைதி நகர்வு (செக்கோ வெட்டோ இல்லாத நகர்வு) என்ற டேக்குகளை முதலில் ஒரு நிரல்தான் ஒட்டுகிறது. மூச்சடைத்த மேட்டை நிரல் சுலபமாகப் பிடித்துவிடும்: குதிரை மேட் கொடுக்கிறது, ராஜாவைச் சுற்றி அவனுடைய ஆட்களே நிற்கிறார்கள், முடிந்தது. ஆனால் "பலி" என்றால் என்ன? நிரல் காய் மதிப்பைக் கூட்டிக் கழித்துப் பார்க்கும். கையிலிருந்த காய் குறைந்தால் பலி. குதிரையைச் சும்மா விட்டு வைத்து, எதிராளி அதைத் தொட்டால் மேட் என்று மிரட்டி, அவர் தொடாமலே போனால் கணக்கில் எதுவும் குறையவில்லை. ஆனால் அந்த யோசனை முழுக்க முழுக்கப் பலிதான். இந்த மாதிரி இடங்களில் மனிதர்கள் "ஆம், இல்லை" என்று ஒட்டும் ஓட்டு நேரடியாகத் திருத்துகிறது. கேள்வி குறுகியது, பதிலும் குறுகியது, தோற்ற கோபம் உள்ளே வர இடமில்லை. ஓட்டுப் போட ஒரு நொடி கிடைத்தால் அதை இங்கே செலவிடுங்கள்.

சரி, "என் நகர்வும் வெல்கிறதே."

லிசெஸ் தனக்கு வைத்துக்கொண்ட விதி கறாரானது. தீர்வில் உங்கள் பக்கத்து நகர்வு ஒவ்வொன்றும் ஒரே நகர்வாக இருக்க வேண்டும். வேறு எதை வைத்தாலும் நிலை கணிசமாக மோசமாக வேண்டும். விலக்கு ஒன்றே ஒன்று: ஒரே நகர்வில் மேட் இரண்டு மூன்று வழியில் முடியுமானால் எந்த மேட்டும் சரி. "கணிசமாக" என்பதை எஞ்சின் காட்டும் எண்ணை (எத்தனை சிப்பாய் அளவுக்கு முன்னிலை என்பதை) வைத்து நேரடியாக அளப்பதில்லை, அதை வெற்றி வாய்ப்பாக மாற்றிய பிறகு அளக்கிறார்கள். 0-இலிருந்து +3-க்குப் போவது பெரிய தாவல். +6-இலிருந்து +9-க்குப் போவது பெயரளவுக்குத்தான், இரண்டும் ஜெயித்த ஆட்டம். ஆகவே +9 சரி, +6 தவறு என்று சொல்லும் புதிர் அந்தத் தொகுப்பில் வராமலே வடிகட்டப்படும். உங்கள் நகர்வைத் தவறு என்று சொன்னால், நான் பார்த்தவரை பத்துக்கு ஒன்பதில் அது உண்மையிலேயே தவறுதான். மூன்றாவது நகர்வில் எதிராளிக்கு நடுவில் புகுந்து கொடுக்கும் ஒரு இடைச் செக் இருக்கும், அதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

வேறு சில தளங்கள் இவ்வளவு கறாராக இருப்பதில்லை. அங்கே மூன்று நகர்வில் மேட் இருந்தால், ராணியை இலவசமாக எடுத்ததற்கும் தவறு விழலாம். இதற்கு செஸ் டெம்போ என்ற தளம் வெகு காலமாகக் கையாளும் வழி எனக்கு மிகவும் பிடிக்கும். உங்கள் நகர்வும் வெல்கிறது, ஆனால் தீர்வைவிடப் பலவீனமானது என்றால் அது தவறு போடாது. "வேறு நகர்வு பாருங்கள்" என்று சொல்லி மறுபடி யோசிக்க விடும். ஒவ்வொரு புதிருக்கும் கீழே விவாதமும் உண்டு, "நான் இதை வைத்தேன், ஏன் ஆகாது?" என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் நகர்வு நகர்வாக உடைத்துக் காட்டியிருப்பார். பல சமயம் அந்த உரையாடல் புதிரைவிட நல்ல பாடம்.

உங்களைப் போலப் பலர் சொல்லும் இன்னும் இரண்டு குறைகளுக்கும் இங்கேயே காரணம் இருக்கிறது. ஒன்று, புதிர் பாதியில் நின்றுவிடுகிறது. நீங்கள் ராணியைக் கொடுத்து, ராஜாவை வெளியே இழுத்து, சரி இனிமேல்தான் வேட்டை என்று நினைக்கும்போது "சபாஷ், தீர்த்துவிட்டீர்கள்" என்று முடித்துவிடும். அடுத்த இடத்தில் உங்களுக்கு இரண்டு நல்ல நகர்வுகள் இருக்கின்றன, ஒரே நகர்வு விதி அங்கே உடைகிறது, அதனால் அங்கே வெட்டிவிட்டார்கள். இரண்டு, எதிராளி வைக்கும் பதில். நீங்கள் பலி கொடுத்த காயை அவர் எடுத்தால் அழகான மேட். ஆனால் எஞ்சின் எடுக்காது. மேட்டைத் தள்ளிப்போட ஒரு யானையைச் சும்மா தூக்கிக் கொடுக்கும், நீங்கள் அதை எடுப்பீர்கள், புதிர் முடிந்தது. எடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதுதான் புதிரின் உயிர், அது திரைக்கே வரவில்லை. எஞ்சினுக்கு இது குற்றமில்லை, மனிதருக்குக் குற்றம். இதைக் கண்டுபிடிக்க மனிதக் கருத்தைத் தவிர வேறு கருவி கிடையாது. ஆனால் "மட்டமான புதிர்" என்று எழுதினால் யாருக்கும் இது புரியாது. "கறுப்பு எடுத்தால் வரும் வரிசையைக் காட்டவில்லை" என்று எழுதினால் புரியும்.

மீதியுள்ள பத்தில் ஒன்றில் புதிரே தவறாக இருக்கலாம். 4 கோடி நிலைகளோடு தேடலை நிறுத்தியதால், அதற்கு அப்பால் ஒளிந்திருந்த இரண்டாவது வெற்றியை எஞ்சின் பார்க்காமல் போயிருக்கும். அமைதியான முடிவாட்டங்களில் இது நடக்கும், ஏனென்றால் அங்கே வெற்றி இருபது நகர்வு தள்ளி இருக்கும். புதிர் இயற்றுவோர் உலகில் இப்படி வெளிப்படும் இரண்டாவது தீர்வைக் "குக்" என்பார்கள். பத்திரிகைகளில் புதிர்ப் பத்தி வந்த காலத்தில் குக்கைக் கண்டுபிடித்து எழுதும் வாசகருக்குத் தனிப் புள்ளியே கொடுப்பது வழக்கம்.

வாசகர் கருத்து ஒரு புதிரை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு 1895-ஐவிட நல்ல சாட்சி இல்லை. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ வீக்லி சிட்டிசன் பத்திரிகையில் ஜார்ஜ் பார்பியே செஸ் பத்தி எழுதிவந்தார். அந்த மே மாதம் ஒரு நிலையைப் போட்டார். வெள்ளைக்கு பி6-இல் ராஜா, சி7-இல் ஒரு சிப்பாய். கறுப்புக்கு ஏ1-இல் ராஜா, டி5-இல் யானை. மொத்தமே நான்கு காய். கறுப்பு முதலில் ஆடி டிரா செய்துவிடும் என்பது பார்பியே சொன்ன முடிவு.

பலகை எடுத்து வைத்துப் பாருங்கள். கறுப்பு யானை டி6 வந்து செக். ராஜா பி5-க்கு இறங்குகிறது. சி5-க்குப் போகக் கூடாது, போனால் யானை டி1 வரும், சிப்பாய் ராணியானதும் சி1-இலிருந்து செக் கொடுத்துப் பின்னால் நிற்கும் ராணியைத் தூக்கிவிடும். பி5-க்கு வந்ததும் டி5 செக், ராஜா பி4. டி4 செக், ராஜா பி3. டி3 செக், இப்போது ராஜா சி2 வந்து யானையைத் தாக்குகிறது. இனி செக் இல்லை, சிப்பாய் ராணியாகப் போகிறது. இங்கே கறுப்பு யானையை டி4-க்குக் கொண்டுபோகிறது. சிப்பாய் சி8-இல் ராணியானால் யானை சி4 செக். ராணி எடுத்தே ஆக வேண்டும், எடுத்தால் ஏ1-இல் இருக்கும் ராஜாவுக்குப் போக ஒரு கட்டமும் இல்லை, ஸ்டேல்மேட், அதாவது செக்கும் இல்லை, ஆட நகர்வும் இல்லை. டிரா. பார்பியே இத்தோடு முடித்தார்.

கிளாஸ்கோவில் வாழ்ந்த ஸ்பானியப் பாதிரியார் ஃபெர்னாண்டோ சாவெத்ரா அதைப் பார்த்துவிட்டு, சி8-இல் ராணி வேண்டாம், யானையாக மாற்றுங்கள் என்றார். யானை என்றால் சி4-இல் செக் கொடுத்து ஸ்டேல்மேட் வாங்கும் தந்திரம் செல்லாது. அடுத்து ஏ8-க்கு வந்து மேட் போடும் மிரட்டலும் இருக்கிறது. கறுப்பு யானையை ஏ4-க்குக் கொண்டுபோய்த் தடுத்தாக வேண்டும். உடனே வெள்ளை ராஜா பி3. ஒரே நகர்வில் யானையையும் தாக்குகிறது, சி1-இல் மேட்டையும் மிரட்டுகிறது. இரண்டையும் கறுப்பால் காப்பாற்ற முடியாது. டிரா என்று அச்சான புதிர் சில நாட்களில் அதே பத்தியில் வெற்றி என்று திருத்தி வந்தது. இன்று அந்த நிலைக்கு சாவெத்ரா நிலை என்றே பெயர், பார்பியேவின் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சாவெத்ரா சொன்னதில் என்ன இருந்தது என்று கவனியுங்கள்: எந்த நகர்வில், எதற்குப் பதிலாக எது, அதற்கு எதிராளியின் சிறந்த பதில் என்ன, அதற்கும் பதில் என்ன. இன்றும் புகாருக்குத் தேவை இவ்வளவுதான், கூடவே எஞ்சின் இருப்பதால் வேலை சுலபம். நிலையை அனாலிசிஸ் பலகையில் திறந்து, எஞ்சினை மிகச் சிறந்த இரண்டு நகர்வு வரிசைகளைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் ஓடவிடுங்கள்; முதல் சில நொடிகளில் தெரியும் எண்ணை நம்பாதீர்கள். இரண்டாவது வரிசையும் தெளிவாக ஜெயித்த நிலை என்றால் உங்கள் கையில் ஒரு நிஜப் புகார் இருக்கிறது. பலகையில் மொத்தம் 7 காய்கள் அல்லது குறைவாக இருந்தால் எஞ்சினே வேண்டாம், டேபிள்பேஸ் (முன்கூட்டியே முழுதாகக் கணக்கிட்டு வைத்த முடிவாட்டத் தரவு) இருக்கிறது. வெற்றியா டிராவா என்று சந்தேகத்துக்கே இடமில்லாமல் சொல்லும், லிசெஸ் அனாலிசிஸ் பலகையிலேயே வருகிறது. பிறகு புதிரின் அடையாள எண், உங்கள் நகர்வு, எஞ்சின் ஆழம் (எத்தனை நகர்வு முன்னோக்கிப் பார்த்தது), இரண்டு வரிசையின் மதிப்பு ஆகியவற்றை எழுதி அனுப்புங்கள். லிசெஸில் இதில் ஒரு பகுதியைப் பிரவுசரே செய்கிறது: உங்கள் கணினியில் ஓடும் எஞ்சின் இரண்டாவது தீர்வு இருக்கலாம் என்று கண்டால், புகார் அனுப்பலாமா என்று அதுவே கேட்கும்.

இனி உங்கள் அகாடமி.

முப்பது பேரை வைத்துக்கொண்டு ரேட்டிங் கணக்கு நடத்தாதீர்கள். முப்பது முயற்சியில் 18 பேர் தீர்த்தார்கள் என்றால் நடுத்தரம் என்று தெரியும், அதற்கு மேல் எதுவும் தெரியாது. ஓட்டும் வேண்டாம். பிடித்ததா என்று பிள்ளைகளைக் கேட்டால், சாருக்கு எது பிடிக்கும் என்று யோசித்துப் பதில் சொல்வார்கள்.

ஆனால் பெரிய தளங்களில் கிடைக்காத ஒன்று உங்களுக்குக் கிடைக்கும். லிசெஸ் வெளியிடும் தொகுப்பில் எத்தனை பேர் ஆடினார்கள், செல்வாக்கு எவ்வளவு, ரேட்டிங் எவ்வளவு என்று இருக்கிறது. தவறியவர்கள் எந்த நகர்வை வைத்துத் தவறினார்கள் என்று இல்லை. புதிரைத் திருத்த மிகவும் உதவும் தகவல் அதுதான். ஆகவே தீர்வைக் காட்டுவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் முதல் நகர்வையும், அதற்கு எதிராளி என்ன செய்வார் என்று நினைத்தார்கள் என்பதையும் ஒரு வரியில் வாங்கிக்கொள்ளுங்கள். எடுத்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு எக்செல் தாள் போதும்.

தாளைப் பார்த்தாலே கதை தெரியும். தவறுகள் பத்துத் திசையில் சிதறிக் கிடந்தால் பிள்ளைகளுக்கு நிலையே புரியவில்லை. புதிர் அவர்கள் மட்டத்துக்கு மேலே இருக்கிறது. தவறியவர்களில் பெரும்பாலோர் ஒரே நகர்வை வைத்திருந்தால் இரண்டில் ஒன்று: அது அருமையான பொறி, அல்லது குக். எஞ்சினில் இரண்டு வரிசை போட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். பொறி என்றால் புதிரைத் தொடாதீர்கள், பதிலைத் திருத்துங்கள். அந்தத் தவறான நகர்வு வந்தால் "தவறு" என்று மட்டும் காட்டாமல், அதை உடைக்கும் எதிர் நகர்வைப் பலகையில் ஆடிக் காட்டும்படி வையுங்கள். பெரிய தளங்களில்கூட இது அரிது. என் கருத்தில் கருத்து வாங்குவதன் முழுப் பயனும் இந்த ஒரு மாற்றத்தில் கிடைத்துவிடும்.

இன்னொரு அறிகுறி, உங்கள் பலமான மாணவர்களும் பலவீனமான மாணவர்களும் ஒரே விகிதத்தில் தவறுவது. நல்ல புதிர் ஆட்களைப் பிரிக்கும். தேர்வுத் தாள் தயாரிப்பவர்கள் ஒரு கேள்வியை எடைபோடும்போது பார்ப்பதும் இதைத்தான். 1800-காரரும் 1100-காரரும் ஒரே மாதிரி விழுகிறார்கள் என்றால், பெரும்பாலும் புதிரில் ஏதோ மறைந்திருக்கிறது. பலகை தலைகீழாகப் போயிருக்கும், யார் முறை என்று சொல்லியிருக்க மாட்டீர்கள், அல்லது காஸ்லிங் உரிமை இருக்கிறதா என்று படத்தைப் பார்த்துத் தெரியாது. ஆன்பசான் (இரண்டு கட்டம் தாண்டி வந்த சிப்பாயை அடுத்த நகர்விலேயே சிப்பாயால் வெட்டுவது) தீர்வாக வரும் புதிரில் எதிராளி கடைசியாக என்ன ஆடினார் என்று தெரியாமல் யாராலும் தீர்க்க முடியாது. லிசெஸ் ஒவ்வொரு புதிரையும் எதிராளியின் நகர்வை ஆடிக் காட்டியே தொடங்குகிறது. நீங்களும் அப்படியே செய்யுங்கள், இந்த வகைக் குழப்பத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

வாட்ஸ்அப் குழுவில் "இன்று ஃபோர்க் புதிர்கள்" என்று தலைப்புப் போட்டு அனுப்பாதீர்கள். அனுப்பினால் பிள்ளைகள் பலகையைப் பார்க்காமல் குதிரையைத்தான் தேடுவார்கள், உங்கள் தாளில் விழும் எண்ணும் பொய்யாகும். எப்போதாவது, எந்த அடியும் இல்லாத நிலை ஒன்றையும் கலந்து விடுங்கள். சரியான பதில் ராஜாவை ஒரு கட்டம் ஒதுக்குவது மட்டும் என்பது போல. முதல் வாரம் திட்டுவார்கள். திட்டுவதற்காக அந்தப் புதிரை எடுத்துவிடாதீர்கள். தவறானதை நீக்குங்கள், சலிப்பானதை வைத்திருங்கள்.

எந்த மாணவராவது நிஜமான குக் கண்டுபிடித்தால் எல்லோருக்கும் அந்தப் புள்ளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, திருத்திய புதிருக்குக் கீழே கண்டுபிடித்தவர் பெயரைப் போடுங்கள். அடுத்த மாதத்திலிருந்து பிள்ளைகள் உங்கள் புதிர்களில் ஓட்டை தேடித் தேடிப் படிப்பார்கள். திருத்திய புதிருக்குப் புதிய எண் கொடுத்துவிடுங்கள். பழைய எண்ணிலேயே நிலையை மாற்றினால், பழைய புதிருக்கு வந்த பதில்களும் புதியதற்கு வந்தவையும் ஒரே வரிசையில் கலந்து, தாளையே நம்ப முடியாமல் போய்விடும்.